கண்ணை மூடினால் தலைக்குள் ஒரு தாளம்! மூளை அலைகளை எப்படிப் படிக்கிறார்கள்?

இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு பத்து செகண்ட் கண்ணை மூடித் திறங்கள்.

ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் தோன்றும். ஆனால், அந்த நேரத்தில் உங்கள் பின்னந்தலையில் ஒரு இ.இ.ஜி கருவியை மாட்டியிருந்தால், திரையில் கிறுக்கலாக ஓடிக்கொண்டிருந்த கோடு சட்டென்று ஒழுங்காகி, செகண்டுக்குச் சுமார் பத்து முறை அழகாக ஏறி இறங்கியிருக்கும். கண்ணைத் திறந்ததும் மறுபடி கிறுக்கல். பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் நடக்கும். இதன் பெயர் ஆல்ஃபா அலை.

ஆமாம், யூடியூபில் மணிக்கணக்கில் ஓடுகிறதே 'ஆல்ஃபா வேவ் மியூசிக்', அதே ஆல்ஃபாதான். படிப்பு மண்டையில் ஏறும், தூக்கம் வரும், மெமரி கூடும் என்று கமென்ட்டில் ஆளாளுக்குச் சத்தியம் செய்கிறார்கள். அதற்குப் பிறகு வருவோம். முதலில், மண்டை ஓட்டுக்குள் பூட்டிக்கிடக்கும் ஒரு தாளம் வெளியே எப்படித் தெரிந்தது என்பதைப் பார்த்துவிடலாம். அந்தக் கதையே சினிமா மாதிரிதான்.

டெலிபதியைத் தேடிப் போனவர்

1890-களின் தொடக்கம். ஜெர்மனியில் ராணுவப் பயிற்சியில் இருந்த ஹான்ஸ் பெர்கர் என்ற இளைஞர் குதிரையிலிருந்து தூக்கி எறியப்பட்டார். விழுந்தது, பீரங்கி வண்டி ஒன்றின் பாதையில். சக்கரம் ஏறுவதற்குள் வண்டி நின்றுவிட்டது, உயிர் தப்பினார். அன்று சாயங்காலமே வீட்டிலிருந்து நலம் விசாரித்து அப்பாவின் தந்தி வருகிறது. பல மைல் தூரத்தில் இருந்த அக்கா, 'தம்பிக்கு ஏதோ ஆபத்து' என்று அடம்பிடித்து அனுப்பவைத்த தந்தி அது.

தற்செயல் என்று நீங்களும் நானும் விட்டுவிடுவோம். பெர்கர் விடவில்லை. பயத்தில் தன் மூளையிலிருந்து கிளம்பிய ஏதோ ஒரு சக்திதான் அக்காவைத் தொட்டிருக்க வேண்டும் என்று நம்பினார். வானியல் ஆசையை விட்டு மருத்துவம் படித்தார். ஜெனா பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவராகி, பல வருடங்கள் அந்தச் சக்தியைத் தேடினார்.

1924 ஜூலை 6. அறுவை சிகிச்சைக்காக மண்டை ஓட்டின் ஒரு பகுதி அகற்றப்பட்டிருந்த 17 வயதுப் பையனின் தலையில் எலெக்ட்ரோடுகளை வைத்தபோது, கருவியின் கோடு லேசாக நடுங்கியது. மனித மூளையின் மின் அலை முதன்முதலில் பதிவானது அன்றுதான். விலங்குகளின் மூளையில் மின்சாரம் இருப்பதை ரிச்சர்ட் கேட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1875-லேயே காட்டியிருந்தார். ஆனால், மனிதத் தலையின் மேலிருந்தே அதை அளக்க முடியும் என்பது யாரும் எதிர்பார்க்காதது. பெர்கருக்கே நம்பிக்கை வரவில்லை. இதயத் துடிப்பா, தசை நடுக்கமா, கருவியின் கோளாறா என்று ஐந்து வருடங்கள் சோதித்தார். தன் மகன் கிளாஸின் தலையைக்கூட விட்டுவைக்கவில்லை. 1929-ல்தான் கட்டுரை வெளியானது.

உலகம் கண்டுகொள்ளவில்லை. 1934-ல் கேம்பிரிட்ஜில் நோபல் பரிசு பெற்ற எட்கர் ஏட்ரியன், மேத்யூஸ் என்பவருடன் சேர்ந்து அதே சோதனையைச் செய்து 'பெர்கர் சொன்னது சரிதான்' என்று காட்டிய பிறகே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏட்ரியனின் தலையிலேயே ஆல்ஃபா அருமையாக வந்தது என்பது கூடுதல் அதிர்ஷ்டம்.

டெலிபதி மட்டும் கடைசிவரை சிக்கவில்லை. ஒரு சாதாரண பேட்டரி 1.5 வோல்ட். தலையின் மேல் அளக்கப்படும் ஆல்ஃபா, சுமார் 50 மைக்ரோவோல்ட். அந்த பேட்டரியின் 30,000-ல் ஒரு பங்கு! எலெக்ட்ரோடு தோலில் ஒழுங்காக ஒட்டவில்லை என்றாலே தொலைந்துபோகும் சிக்னல் இது. இன்னொரு ஊரில் இருக்கும் அக்காவை எப்படித் தொடும்?

மண்டபத்துக்கு வெளியே நின்று கேட்பது

இ.இ.ஜி எடுக்கப் போனவர்களுக்குத் தெரியும். முதலில் சொல்வதே, 'தலைக்குக் குளித்துட்டு வாங்க, எண்ணெய் வைக்காதீங்க' என்பதுதான். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சிக்னல் கெடும். பிறகு நெற்றியிலிருந்து பின்னந்தலை வரை டேப் வைத்து அளந்து, 10%, 20% இடைவெளிகளில் புள்ளி வைத்து, காதுகளையும் சேர்த்து 21 எலெக்ட்ரோடுகளை ஒட்டுவார்கள். 1958-ல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வகுத்த கணக்கு இது. வலி கிடையாது, ஷாக் கிடையாது. கருவி உள்ளே எதையும் அனுப்புவதில்லை, கேட்க மட்டும்தான் செய்கிறது.

என்ன கேட்கிறது? மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருக்கின்றன. ஒற்றை நியூரானின் சத்தம் மண்டை ஓட்டைத் தாண்டி வராது. ஒரு கல்யாண மண்டபத்துக்கு வெளியே ரோட்டில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே மூன்றாவது வரிசையில் சித்தப்பா யாரைப் பற்றிப் புலம்புகிறார் என்பது உங்களுக்குக் கேட்காது. வெறும் இரைச்சல்தான். ஆனால், கெட்டிமேளம் கொட்டினால் தாலி கட்டுகிறார்கள் என்பது ரோட்டில் நிற்பவருக்கும் தெரிந்துவிடும். எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் ஒலிப்பதால் வரும் பலன். மூளையின் மேற்பரப்பில் ஆயிரக்கணக்கான நியூரான்கள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும்போதுதான் இ.இ.ஜி-யில் அலை தெரிகிறது.

வேகத்தை வைத்து அலைகளுக்குப் பெயர். செகண்டுக்கு 4-க்கும் குறைவாக இருந்தால் டெல்டா, ஆழ்ந்த தூக்கத்தின் அலை. 4 முதல் 8 வரை தீட்டா. 8 முதல் 13 வரை ஆல்ஃபா. 13 முதல் 30 வரை பீட்டா. அதற்கும் மேல் காமா. கண்டுபிடித்த வரிசையில் பெயர் வைத்ததால் ஆல்ஃபா நடுவில் மாட்டிக்கொண்டது. ஒன்று போய் ஒன்று வருவதற்கு இவை ரேடியோ ஸ்டேஷன்கள் அல்ல. எல்லாமே ஒரே நேரத்தில், வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு அளவில் ஓடிக்கொண்டிருக்கும். 'நான் இப்போ ஆல்ஃபா மோடுல இருக்கேன் மச்சி' என்று யாராவது சொன்னால், 'தலையில எந்த இடத்துல?' என்று கேளுங்கள்.

பத்து செகண்ட் காணாமல் போகும் குழந்தை

இந்தக் கோடுகளால் என்ன பயன் என்பதற்கு ஒரு வகுப்பறையே போதும். நன்றாகப் பாடம் கவனித்துக்கொண்டிருக்கும் குழந்தை திடீரென்று வெறித்துப் பார்க்கும். கூப்பிட்டால் பதில் இல்லை. ஒரு பத்து செகண்டில், எதுவுமே நடக்காதது போல விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு நாளில் பல முறை இப்படி. 'பகல் கனவு காண்றா', 'கவனமே இல்லை' என்று திட்டு விழும்.

சில குழந்தைகளுக்கு இது கனவு அல்ல, ஆப்சென்ஸ் என்ற வலிப்பு வகை. கை கால் இழுக்காது, நுரை தள்ளாது. அதனாலேயே வலிப்பு என்று யாருக்கும் தோன்றாது. இ.இ.ஜி அறையில் அந்தக் குழந்தையை மூன்று நிமிடம் வேகமாக மூச்சு இழுத்து விடச் சொல்வார்கள். பல நேரங்களில் அங்கேயே அது வந்துவிடும். தலை முழுக்க ஒரே நேரத்தில், செகண்டுக்கு மூன்று என்ற கணக்கில், கூர்முனையும் அலையுமாகக் கோடுகள் துள்ளும். சட்டென்று தொடங்கி சட்டென்று நிற்கும். ஹார்வர்டைச் சேர்ந்த கிப்ஸ், டேவிஸ், லென்னாக்ஸ் 1935-ல் விவரித்த அதே வடிவம், இன்றும் மருத்துவர்கள் தேடுவது அதையே. மாத்திரைகளால் பெரும்பாலும் கட்டுக்குள் வரும் பிரச்னை. திட்டு வாங்கிக்கொண்டிருந்த குழந்தைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும். மற்ற வலிப்பு வகைகளில் இ.இ.ஜி நார்மலாக வருவதும் உண்டு. எடுத்த அரை மணி நேரத்தில் மூளை அமைதியாக இருந்திருக்கலாம். 'ரிப்போர்ட் நார்மல், மாத்திரையை நிறுத்திடலாம்' என்று நாமே முடிவெடுக்கக் கூடாது.

பந்தியில் சாம்பார் வாளி எங்கே போகிறது?

இ.இ.ஜி-க்கு ஒரு பெரிய குறை. 'எப்போது' என்பதை ஆயிரத்தில் ஒரு செகண்ட் துல்லியத்தில் சொல்லும். 'எங்கே' என்று கேட்டால் தடுமாறும். மண்டை ஓடு சிக்னலைக் கலைத்துவிடுகிறது, ஆழத்தில் நடப்பது மேலே வருவதே கஷ்டம். இங்கேதான் எஃப்.எம்.ஆர்.ஐ வருகிறது.

இது மின்சாரத்தைப் பார்ப்பதில்லை, ரத்தத்தைப் பார்க்கிறது. 1990-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா காட்டிய வழி. ஆக்ஸிஜன் ஏந்திய ஹீமோகுளோபினும், ஆக்ஸிஜனை இறக்கிவைத்த ஹீமோகுளோபினும் காந்தத்தின் முன் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே ரத்தம் பாயும். நம்ம ஊர்ப் பந்தி பரிமாறுகிறவர் மாதிரி, கேட்டதைவிட அதிகமாகவே கொட்டும். அந்த உபரி ஆக்ஸிஜன்தான் சிக்னல். மண்டபத்துக்குள் யார் பேசுகிறார்கள் என்று இதற்குத் தெரியாது. எந்த வரிசைக்கு சாம்பார் வாளி போகிறது என்பதைச் சில மில்லிமீட்டர் துல்லியத்தில் சொல்லிவிடும்.

ஆனால், வாளி வர நேரமாகும். நியூரான் வேலை செய்த பிறகு, ரத்த ஓட்டம் உச்சத்துக்கு வர ஐந்தாறு செகண்ட். அதற்குள் ஆல்ஃபா ஐம்பது, அறுபது முறை ஏறி இறங்கியிருக்கும்.

செய்திகளில் வரும் அந்தச் சிவப்பு, மஞ்சள் மூளைப் படங்கள் போட்டோக்கள் அல்ல, புள்ளியியல் கணக்கின் முடிவுகள். கணக்கைக் கவனமாகப் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2009-ல் கிரெய்க் பென்னெட் குழு போட்டு உடைத்தது. செத்த சால்மன் மீன் ஒன்றை ஸ்கேனருக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் 'காட்டி', 'இவர்கள் என்ன உணர்கிறார்கள்?' என்று கேட்டார்கள். திருத்தம் செய்யாத கணக்கில் மீனின் மூளை 'வேலை செய்தது'. சரியான திருத்தத்தைப் போட்டதும் அணைந்துவிட்டது. சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2012-ல் அந்த மீனுக்கு... அதாவது, அந்தக் குழுவுக்குக் கிடைத்தது.

சும்மா இருக்கும் மூளை சும்மா இல்லை

உடல் எடையில் மூளை சுமார் 2%. ஆனால், சக்தியில் சுமார் 20% அதற்குப் போகிறது. கணக்குப் போட்டாலும் சரி, சும்மா படுத்திருந்தாலும் சரி, செலவு பெரிதாக மாறுவதில்லை. அப்படியென்றால் சும்மா இருக்கும்போது அது என்ன செய்துகொண்டிருக்கிறது?

1995-ல் விஸ்கான்சினில் ஆராய்ச்சி மாணவராக இருந்த பாரத் பிஸ்வால், ஸ்கேனரில் எந்த வேலையும் செய்யாமல் படுத்திருந்தவர்களின் பதிவுகளைப் பார்த்தார். மற்றவர்கள் 'இரைச்சல்' என்று ஒதுக்கிய மிக மெதுவான ஏற்ற இறக்கங்கள் அவை. ஒரு சுற்றுக்குப் பத்து செகண்டுக்கும் மேல் ஆகும். கைகளை அசைக்கும் இடப்பக்கப் பகுதியும் வலப்பக்கப் பகுதியும், கையே அசையாதபோதும், ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. சேர்ந்து வேலை செய்யும் பகுதிகள் ஓய்விலும் சேர்ந்தே அசைகின்றன! 2001-ல் மார்கஸ் ரெய்க்லே குழு, நாம் ஏதாவது வேலையில் இறங்கினால் அடங்கி, சும்மா இருக்கும்போது சுறுசுறுப்பாகும் பகுதிகளின் கூட்டத்துக்கு 'டீஃபால்ட் மோட்' என்று பெயர் வைத்தது. பஸ் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பழைய சண்டைக்குப் புதிய பதில் யோசிப்போமே, அப்போது மும்முரமாக இருக்கும் பகுதிகள் இவை.

ரெண்டையும் சேர்த்தால்?

ஒன்று நேரம் சொல்கிறது, ஒன்று இடம் சொல்கிறது. சேர்த்துவிட வேண்டியதுதானே? சொல்வது சுலபம். மூன்று டெஸ்லா ஸ்கேனரின் காந்தம், பூமியின் காந்தப்புலத்தைப் போல சுமார் 60,000 மடங்கு. அதற்குள் தலை முழுக்க ஒயரோடு ஒருவரைப் படுக்கவைக்கிறோம். காந்தப்புலம் மாறும் ஒவ்வொரு முறையும் ஒயரில் மின்சாரம் கிளம்பும். மூளை அலையைவிட நூறு மடங்குக்கும் மேல். இதயம் துடிக்கும்போது தலை துளியூண்டு அசைந்தாலும் ஒரு பொய் அலை. ஸ்கேனரின் இரைச்சல் ஒவ்வொரு சுற்றும் ஒரே மாதிரி வருவதால், அதைச் சராசரி எடுத்துக் கழித்துவிடும் உத்தி வந்த பிறகே வேலை நடந்தது.

அப்படி 2002-ல் கலிஃபோர்னியாவில் ஆல்ஃபாவைப் பார்த்தபோது, ஆல்ஃபா ஏறும்போது பின்னந்தலையின் பார்வைப் பகுதியில் ரத்த சிக்னல் குறைந்தது, மூளையின் நடுவே இருக்கும் தாலமஸில் கூடியது. அதாவது ஆல்ஃபா, ஒரு பகுதி அடங்கியிருப்பதன் அடையாளம். 'ஆல்ஃபா வந்தால் மூளை பவர்ஃபுல்லாகும்' என்ற விளம்பரத்துக்கு நேர் எதிர்!

எனக்கு மிகவும் பிடித்தது 2019-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் லாரா லூயிஸ் குழு செய்தது. இ.இ.ஜி தொப்பியோடு ஸ்கேனருக்குள் ஆட்களைத் தூங்கவிட்டார்கள். (அந்தச் சத்தத்தில் தூங்கியவர்களுக்குத் தனியாக ஒரு பரிசு தரலாம்.) ஆழ்ந்த தூக்கத்தின் மெதுவான மின் அலை வந்தது. சில செகண்டில் மூளையில் ரத்தத்தின் அளவு குறைந்தது. அந்தக் காலி இடத்துக்கு, மூளையைச் சுற்றியிருக்கும் திரவம் அலையாக உள்ளே வந்தது. சுமார் 20 செகண்டுக்கு ஒரு முறை. மின்சாரம், ரத்தம், திரவம் மூன்றும் ஒரே தாளத்தில். இந்தத் திரவ ஓட்டத்துக்கும் மூளையின் கழிவு வெளியேறுவதற்கும் என்ன தொடர்பு என்பதை இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

சரி, அந்த மியூசிக்?

ஒரு காதில் 400 ஹெர்ட்ஸ், இன்னொரு காதில் 410 ஹெர்ட்ஸ் ஒலி கொடுத்தால், தலைக்குள் செகண்டுக்குப் பத்து முறை ஒரு துடிப்பு கேட்கும். 'பைனாரல் பீட்' என்ற இந்த விஷயம் உண்மை, 19-ம் நூற்றாண்டிலேயே தெரியும். அதைக் கேட்டு மூளையும் அதே தாளத்துக்கு மாறுமா, மாறினால் மார்க் கூடுமா என்பதில்தான் ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. பிடித்திருந்தால் கேளுங்கள். காசு கட்ட வேண்டாம். ஆல்ஃபா வேண்டுமென்றால் கண்ணை மூடினாலே போதும், ஃப்ரீ.

தியானத்தின் கதை வேறு. 1961-ல் டெல்லி எய்ம்ஸில் பி.கே.ஆனந்த் குழு யோகிகளின் இ.இ.ஜி-யைப் பதிவு செய்தது. சமாதி நிலையில் இருந்த யோகிகளுக்கு வெளிச்சம், சத்தம் எதைக் கொடுத்தும் ஆல்ஃபா கலையவில்லை. வேறு இருவர், 4 டிகிரி குளிர்ந்த நீரில் 45 நிமிடங்களுக்கு மேல் கையை வைத்திருந்தும் அப்படியே. ஆனால், விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரை வைத்துச் செய்த ஆய்வு என்பதை மறக்காதீர்கள்.

நெற்றியில் மாட்டும் இ.இ.ஜி பேண்டுகள் வாங்கும் ஐடியா இருந்தால் ஒரு தகவல். கண் சிமிட்டுவதும் பல்லைக் கடிப்பதும் மூளை அலையைவிடப் பெரிய சிக்னலை உண்டாக்கும். ஆப்பில் வேகமான அலை எகிறினால், அது ஆழ்ந்த சிந்தனையாகவும் இருக்கலாம், முறுக்கு சாப்பிடுவதாகவும் இருக்கலாம்.

மனதைப் படிக்குமா?

'பிரெய்ன் மேப்பிங்' என்று கிரைம் செய்திகளில் வருவது இ.இ.ஜி-தான். குற்றம் பற்றிய விவரங்களைச் சொல்லி, மூளை அதை 'அடையாளம் காண்கிறதா' என்று பார்ப்பார்கள். 2008-ல் புனேவில் ஒரு கொலை வழக்கில், இந்த வகைச் சோதனையையும் ஓர் ஆதாரமாக எடுத்துக்கொண்டு தண்டனை தரப்பட்டது. வெளிநாட்டு விஞ்ஞானிகள் அதிர்ந்துபோனார்கள். பரிச்சயம் என்பது பேப்பரில் படித்ததாலும் வரலாம், போலீஸ் பத்து முறை கேட்டதாலும் வரலாமே! 2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஒருவரின் சம்மதம் இல்லாமல் நார்கோ, பாலிகிராஃப், மூளை மின்சோதனை எதையும் செய்யக் கூடாது. சம்மதித்துச் செய்தாலும் அந்த முடிவையே சாட்சியமாக ஏற்க முடியாது.

அதே கருவிகள், கேள்வியை மாற்றிக் கேட்டால் வேறொன்றைச் செய்கின்றன. 2006-ல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவன் குழு, விபத்துக்குப் பிறகு எந்த அசைவும் பதிலும் இல்லாமல், சுயநினைவு இல்லை என்று கருதப்பட்ட 23 வயதுப் பெண்ணை எஃப்.எம்.ஆர்.ஐ-க்குள் வைத்து, 'டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுங்கள்' என்றது. அசைவைத் திட்டமிடும் பகுதியில் சிக்னல் வந்தது. 'உங்கள் வீட்டுக்குள் நடப்பதாகக் கற்பனை செய்யுங்கள்' என்றபோது இடங்களை நினைவுகொள்ளும் பகுதியில். ஆரோக்கியமானவர்களின் பதிவோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. 2010-ல் இன்னொரு நோயாளி, டென்னிஸ் என்றால் 'ஆமாம்', வீடு என்றால் 'இல்லை' என்று வைத்துக்கொண்டு, ஆறு கேள்விகளில் ஐந்துக்குச் சரியான பதில் சொன்னார்.

எல்லோரையும் ஸ்கேனருக்குள் கொண்டுபோக முடியாது. உடம்பில் உலோகத் தகடு இருக்கலாம், தலை ஆடிக்கொண்டே இருக்கலாம். இ.இ.ஜி-யைப் படுக்கைக்கே தள்ளிக்கொண்டு வரலாம். அதனால், இரண்டையும் பயன்படுத்திப் பல நாடுகளின் மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வு 2024-ல் வெளியானது. கட்டளைக்கு வெளிப்படையாக எந்தப் பதிலும் தராத 241 பேரில் 60 பேரின் மூளை, அதாவது நான்கில் ஒருவருடையது, சொன்னதைச் செய்தது. 'கையைத் திறந்து மூடுவதாக நினையுங்கள்' என்பது போன்ற கட்டளைகளை நிமிடக்கணக்கில் விடாமல் பின்பற்றியிருந்தார்கள்.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் உண்டு. நேரில் கேட்டால் கையசைத்துப் பதில் தரக்கூடிய 112 பேரையும் இதேபோல் சோதித்தார்கள். அவர்களில் கருவிகள் கண்டுபிடித்தது 43 பேரை மட்டும்தான். எனவே, ஐ.சி.யூ வாசலில் நிற்கும் குடும்பத்திடம், 'சோதனையில் சிக்னல் வந்தது' என்றால் உள்ளே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று சொல்லலாம். 'சிக்னல் வரவில்லை' என்றால், உள்ளே யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.